நாலு அங்குலம்

திருக்கோணமலையில் ஓட்டோ ஓட்டுகிறவர்களிடம் பாக்கியரத்தினம் யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சீட் அக்கா என்று கேட்டால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், துறைமுகப் பக்கம் போகிற வீதியில், நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும் கொண்ட, ஓட்டோ சீட்டுக்கு உறை தைக்கிற கடை அது. உள்ளே ஒரு தையல் மெசின், சுருட்டி வைத்த ரெக்சீன், தூணோடு சாய்ந்த ஸ்பொஞ்சுப் பாளங்கள். காலையில் கடை திறக்க வரும்போது வாசலில், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு மூன்று நின்று காட்போட் பெட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தட்டி விலக்கிவிட்டுத்தான் அன்றைய வேலை தொடங்கும்.

பாக்கியரத்தினம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய் திறந்து கதைப்பது குறைவு. ஆனால் கண் ஓயாது. ஓட்டோவிலிருந்து ஒருவன் இறங்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறான் என்பதை வைத்தே, சீட் எந்த மூலையில் பதிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். "உங்கட சீட்டுக்கு வலது பக்கம் சரியில்லை" என்பாள். அவன் வாயைப் பிளப்பான். அவளோடு எட்டு வருடமாக வேலை செய்கிற றம்லா, கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், "அக்காக்குக் கண்ணுக்குள்ள மெசின் இரிக்கி" என்று எல்லாரிடமும் சொல்வாள்.

அப்படிப்பட்ட கண்ணுக்குத் தன் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு வருடமாகக் கிடந்த ஒரு கட்டை தப்பிவிட்டது.

அந்தக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவளுடைய கணவர் இரத்தினசிங்கம். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. கப்பலில் சரக்குக்கு அடியில் அடுக்கி வருகிற நீள மரங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு பேரோடு தோளில் சுமந்து வந்து முற்றத்தில் போட்டார். மகள் நிரோஜினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியை ஒருத்தி, இந்தப் பிள்ளையின் முதுகு நாணல் மாதிரி வளைகிறது என்று ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கத் தொடங்கியிருந்தாள். பீம் என்று ஒன்று வேண்டுமாம். ஒல்லியான நீளக் கட்டை, அதன்மேல் நடக்கவும் குதிக்கவும் கரணம் போடவும் வேண்டும். அளவை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தாள். நீளம் ஐந்து மீற்றர், மேல் அகலம் பத்துச் சென்ரிமீற்றர்.

"பத்து எண்டால் நாலு அங்குலம்" என்றாள் பாக்கியரத்தினம். அவளுடைய கை அங்குலத்தில்தான் நினைக்கும்.

மெத்தை போடத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மரத்தை மூன்றேகால் அங்குலத்துக்கு இழைக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஸ்பொஞ்சு ஒட்டி, சிவப்பு ரெக்சீனை இழுத்து அடித்து முடித்துப் பார்த்தாள். நாடா வைத்தபோது நாலு அங்குலத்துக்கு ஒரு மயிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு இரத்தினசிங்கம், "உன்ர கைக்குத் தங்கக் காப்புப் போட வேணும்" என்றார். காப்புப் போடவில்லை. இரண்டாவது வருடம், வேலையால் வந்து கதிரையில் இருந்தவர், நெஞ்சைப் பிடித்தார், எழும்பவில்லை.

ஆசிரியையும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டாள். மிஞ்சியது கட்டையும் கொப்பித் தாளும்தான். நிரோஜினி கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே பழகினாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கட்டையில் ஏறிவிடுவாள். பாக்கியரத்தினம் குசினி வாசலில் நின்று பார்ப்பாள். மகளின் கால் கட்டையைத் தேடாது. கால் வருகிற இடத்துக்குக் கட்டை தானாகவே வந்து நிற்பது போல இருக்கும்.

கடற்காற்றுக்கு ரெக்சீன் மூன்று வருடம்கூடத் தாங்காது. வெடிக்கும். வெடித்த இடம் மகளின் முழங்காலைக் கீறும். அப்போதெல்லாம் பாக்கியரத்தினம் புது உறை போட்டாள். ஓட்டோ சீட்டுக்கு எப்படிப் போடுவாளோ அப்படியே. பழையதைக் கழற்றமாட்டாள். கழற்றினால் உள்ளே ஸ்பொஞ்சு மாவாக உதிரும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். பழைய உறையை அப்படியே விட்டு, அதன்மேல் மெல்லிய ஸ்பொஞ்சு ஒரு அடுக்கு வைத்து, புது ரெக்சீனை இழுத்து அடித்தால் கல்லு மாதிரி நிற்கும். ஊரில் சீட் வேலை செய்கிற எல்லாருக்கும் இதுதான் வழக்கம். அப்படி நாலு தரம் போட்டாள். சிவப்புக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பச்சை, பிறகு பழுப்பு, கடைசியாகக் கறுப்பு. ஒவ்வொரு தரமும் நிரோஜினிதான் மறுபக்கம் நின்று ரெக்சீனைப் பிடித்து இழுத்துக் கொடுத்தாள். விழுந்தால் நோகக்கூடாது என்று ஸ்பொஞ்சைத் தாய் மேலேயும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள்.

வீட்டிலிருந்தே போய்வருகிற பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் நிரோஜினி இந்தக் கட்டையில்தான் பழகினாள். போட்டிகளுக்கு மட்டும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். தரையில் செய்கிற பயிற்சியில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. கட்டையில் ஏறினால் விழுந்தாள். ஒரு தரம் இல்லை, ஏறின தரமெல்லாம் விழுந்தாள். வீட்டில் ஒரு மாதம் ஒரு தரமும் விழாதவள், அங்கே போய் முதல் திருப்பத்திலேயே கால் வழுக்கி இறங்கினாள்.

"மற்ற இடத்துக் கட்டையெல்லாம் ஒரு மாதிரி அம்மா" என்று முதல் வருடம் சொன்னாள். "காலுக்குக் கீழ ஒண்டுமில்லாத மாதிரி."

"அது பயம்" என்றார்கள் எல்லாரும். கொழும்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வீட்டுப் புலி என்று பேர் வைத்தார்கள். பயிற்றுவிக்கிற மிஸ்ஸும் அதைத்தான் சொன்னா: உடம்பில் குறை இல்லை, மனசில்தான் குறை. அடுத்த வருடம் நிரோஜினியும் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தரைப் பயிற்சியின் புள்ளிகளால்தான் அவளை அனைத்துலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குத் தெரிவு செய்தார்கள். ஐரோப்பாவில் ஒரு நகரம். அதன் பெயரைப் பாக்கியரத்தினத்துக்கும் சொல்ல வராது, றம்லாவுக்கும் வராது. "அந்த ஊர்" என்றே சொல்லிக்கொண்டார்கள். தரையிலும் கட்டையிலும் அவள் போட்டியிட வேண்டும். போக முன்னம் மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா. "பதக்கம் கேக்கேல்லை. கட்டையில ஒரு தரம், ஒரே ஒரு தரம், விழாமல் முடிச்சுக் காட்டு. தேசியக் குழாமில உன்னை வைச்சிருக்கிறன். இல்லாட்டி இதோட சரி." நிரோஜினிக்கு இருபத்திநாலு வயது, படிப்பில் கடைசி வருடம். அவளுக்கு இனி இன்னொரு தரம் இல்லை.

"விழமாட்டன் அம்மா" என்றாள் பயணப்பையின் சிப்பை இழுத்துக்கொண்டு. "விழுந்தால் எல்லாரும் சொல்லுறது உண்மை எண்டு நானே எழுதிக் குடுக்கிறன்."

நிரோஜினி போய் மூன்றாம் நாள் முனாப் என்ற ஓட்டோக்காரன் கடைக்கு வந்தான். பன்னிரண்டு வருடமாக வருகிற ஆள். இறங்கியதும் தலையைத் தடவினான்.

"அக்கா, ஒருக்காப் பாருங்க. நான் வளந்திட்டனா, ஓட்டோ சுருங்கிட்டா?"

"நாப்பது வயசில வளர்ற மனுசன இண்டைக்கித்தான் காணுறன்" என்றாள் றம்லா.

"தலை கூரையில முட்டுது புள்ள. நீங்க ஒவ்வொரு தரமும் பழசுக்கு மேலயே போட்டுப் போட்டு என்ன மேல ஏத்திட்டீங்க. இன்னும் ரெண்டு தரம் போட்டா கூரைய வெட்டித் தலைய வெளிய விட்டுத்தான் ஓட்டணும். பொலிஸ்காரன் கேட்டா சீட் அக்காட கைவேல எண்டு சொல்லுவன்."

றம்லா விழுந்து விழுந்து சிரித்தாள். பாக்கியரத்தினமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, அவனுடைய சீட்டின் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தாள். கறுப்பு. அதற்குக் கீழே பழுப்பு. அதற்குக் கீழே பச்சை.

அவளுடைய விரல் அங்கேயே நின்றது.

"என்ன அக்கா?" என்றாள் றம்லா.

பாக்கியரத்தினம் நிமிர்ந்தாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே, முனாப்பின் ஓட்டோவில் ஏறி, "வீட்டை ஒருக்கா விடு தம்பி" என்றாள். பாலையூற்றில் வீட்டு வாசலில் இறங்கினாள். முற்றத்தில் கட்டை கிடக்கிற கொட்டகைக்குள் போய் நாடாவைக் கட்டையின் குறுக்கே வைத்தாள். ஐந்து அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. நடுவில் வைத்தாள், நுனியில் வைத்தாள். எல்லா இடத்திலும் ஐந்துக்கு ஒரு நூல் குறைவு.

பிள்ளை வளர வளரக் கட்டையும் வளர்ந்திருந்தது. வெளியில் உள்ள கட்டைகள் எல்லாம் நாலு அங்குலத்திலேயே நின்றிருந்தன.

கடைக்குத் திரும்பி வந்து றம்லாவிடம் சொல்ல அவளுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. சொல்லி முடித்ததும் றம்லா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அல்லாஹ்வே. அப்ப அந்தப் புள்ளைக்குப் பயமில்ல."

"இல்லை."

"நாளையிண்டைக்குப் போட்டி. சொல்லப் போறீங்களா?"

"சொல்லாமல் எப்பிடி?"

"இப்பச் சொன்னா என்ன நடக்கும் அக்கா? ரெண்டு நாளில கால் புதுசாப் படிக்குமா? கட்டையில ஏறி நிண்டு காலையே குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கும். வந்த பிறகு சொல்லுங்க."

அன்று பின்னேரம் நிரோஜினி வீடியோவில் வந்தாள். சாப்பாட்டு மண்டபத்தைக் காட்டினாள். பக்கத்து மேசையில் இருந்த உயரமான பிள்ளைகளைக் காட்டி, "அதுகள் எல்லாம் எங்களை மாதிரித்தான் அம்மா, சோறில்லாமல் அழுகுதுகள்" என்று சிரித்தாள். பயிற்சியில் கட்டையில் இரண்டு தரம் விழுந்ததாகவும் சொன்னாள். "ஆனால் இந்தத் தரம் நான் பயப்பிடப் போறதில்லை. மனசை இறுக்கிக்கொண்டு ஏறப்போறன்."

பாக்கியரத்தினத்தின் வாய் வரைக்கும் வந்தது. மகளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "வடிவாச் சாப்பிடு" என்றாள்.

போட்டி இங்கே பின்னேரம் இரண்டரைக்கு. றம்லாவின் தொலைபேசியை மெசின்மேல் நூல்கட்டையில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். படம் நின்று நின்று ஓடியது. பெரிய மண்டபம், நீல விரிப்பு, நடுவில் அந்தக் கட்டை. நிரோஜினி கையை உயர்த்தி நடுவர்களுக்குக் காட்டினாள். ஏறினாள். முதல் சில அடிகள் நன்றாக இருந்தன. கால் வைத்த விதத்தைப் பாக்கியரத்தினம் பார்த்தாள். மகளின் கால் ஒவ்வொரு தரமும் அரை அங்குலம் வெளியே போய் இறங்கியது. பாதத்தின் ஓரம் காற்றில் நின்றது. அந்த அரை அங்குலம் எங்கே இருக்கிறதென்று தாய்க்குத் தெரியும். பாலையூற்றில், கொட்டகைக்குள் இருக்கிறது.

பின்பக்கக் கரணத்தில் விழுந்தாள். ஏறினாள். திருப்பத்தில் விழுந்தாள். ஏறினாள். ஒரு விழுகைக்கு ஒரு புள்ளி போய்விடும் என்று மகள் முந்தி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மூன்றாம் தரம் படம் நின்றுவிட்டது. நிரோஜினி கட்டைக்கும் தரைக்கும் நடுவில், ஒரு கை மேலே நீட்டியபடி, அப்படியே நின்றாள். றம்லா தொலைபேசியைத் தட்டினாள், குலுக்கினாள். திரும்பப் படம் வந்தபோது கட்டை வெறுமையாக இருந்தது. அதில் வேறொரு நாட்டுப் பிள்ளை ஏறிக்கொண்டிருந்தாள். அவள் விழவில்லை.

இரவாக முன்னம் நிரோஜினி தொலைபேசி எடுத்தாள். அழவில்லை. அதுதான் பாக்கியரத்தினத்துக்குப் பயமாக இருந்தது.

"மிஸ் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. முதுகில தட்டிப்போட்டுப் போயிட்டா. எனக்கு விளங்கீட்டுது. எனக்குள்ள ஏதோ இல்லை. மற்றப் பிள்ளைகளிட்ட இருக்கிறது என்னட்ட இல்லை."

"அப்பிடிச் சொல்லாதை. வா. வந்த பிறகு கதைப்பம். உனக்கு ஒரு விசயம் சொல்ல இருக்கு."

அடுத்த இரண்டு நாளும் பாக்கியரத்தினம் கடைக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் இருந்து உறைகளைக் கழற்றினாள். பிள்ளை வந்ததும் ஏறிப் பார்க்கட்டும், சரியான கட்டையில் இங்கேயே பழகட்டும், குழாம் இல்லாவிட்டாலும் தனக்குப் பயமில்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். கறுப்பைக் கிழித்தாள். பழுப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்பொஞ்சு மஞ்சள் மாவாகக் கொட்டியது. சிவப்பும் பொரிந்துபோய்க் கையோடு வந்தது. கடைசியில் மரம். எல்லாவற்றையும் யூரியாப் பைகளில் கட்டி வாசலில் வைத்தாள். வியாழக்கிழமை காலை குப்பை ட்ராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு போனது. முற்றத்தையும் கூட்டிவிட்டாள். மரத்துக்குப் புது ஸ்பொஞ்சு ஒட்டி, சிவப்பு ரெக்சீன் தேடி வாங்கி அடித்து, நாடா வைத்துப் பார்த்தாள். நாலு அங்குலம்.

நிரோஜினி வெள்ளிக்கிழமை விடிய பஸ்ஸில் வந்து இறங்கினாள். குளித்து, பிட்டும் சம்பலும் சாப்பிட்டாள். முற்றத்துக்கு வந்து கொட்டகையைப் பார்த்தாள்.

"திரும்பவும் போட்டிருக்கிறீங்க. வீண் வேலை அம்மா."

பாக்கியரத்தினம் சொல்லத் தொடங்கினாள். இரண்டு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தவள். வாயைத் திறந்ததும் அடுக்கு குலைந்தது. முனாப்பின் தலை கூரையில் முட்டினதிலிருந்து தொடங்கினாள், நடுவில் ஸ்பொஞ்சுக்குப் போனாள், திரும்பக் கொழும்புக்கு வந்தாள். "அகலம் கூடிப்போச்சு பிள்ளை. நான்தான் கூட்டினது. உனக்குப் பயமில்லை. உன்ர கால் அஞ்சு அங்குலத்துக்குப் பழகினது."

நிரோஜினி தாயின் பக்கத்தில் வந்தாள். பிறகு அவளுடைய கழுத்தில் கிடந்த நாடாவை மெதுவாக உருவி எடுத்தாள். கட்டையின் குறுக்கே வைத்தாள்.

"நாலு" என்றாள்.

"இது இப்ப போட்டது. முந்தி..."

"முந்தியும் உறைதானே போட்டனீங்கள். நான்தானே பிடிச்சு இழுத்துத் தந்தனான்." ரெக்சீனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். "இது எவ்வளவு தடிப்பு? இதாலயா நான் விழுந்தனான்?"

"பழசுகள் எல்லாம் உள்ளுக்கை இருந்தது. அஞ்சுக்கு ஒரு நூல்தான் குறைவு."

"எங்க அந்தப் பழசுகள்?"

பாக்கியரத்தினம் வாசலைப் பார்த்தாள். வாசல் துப்புரவாக இருந்தது.

"றம்லாவைக் கேள். அவளுக்குச் சொன்னனான்."

"றம்லாக்கா எனக்கு மனம் நோகக்கூடாதெண்டு என்னவும் சொல்லுவா. நீங்களும்தான்." அவளுடைய குரலில் கோபம் இல்லை. "பன்னிரண்டு வருசம் ஏறின கட்டை அம்மா. எனக்குத் தெரியாமல் போகுமா?"

"அப்ப ஏறிப் பார். ஒருக்கா ஏறிப் பார். உனக்கு விளங்கும்."

தாய் கெஞ்சுகிற குரலை மகள் அதுவரை கேட்டதில்லை. அதற்காகவே நிரோஜினி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். நடந்தாள். நுனிக்குப் போய், ஒற்றைக் காலில், சின்ன வயதிலிருந்து ஆயிரம் தரம் திரும்பின மாதிரித் திரும்பினாள். கால் வழுக்கியது. தொடை கட்டையில் உரச, மணலில் வந்து குந்தினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ கிணற்றில் வாளி போடுகிற சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா" என்றாள் நிரோஜினி, மணலைத் தட்டிக்கொண்டு. "முந்தி வெளியில மட்டும்தான். இப்ப வீட்டுக்கும் வந்திட்டுது."

"ஐயோ பிள்ளை, அது பயமில்லை, அதுதான் நான் சொல்லுறன்..."

"விடுங்கோ அம்மா." எழும்பி நாடாவைச் சுருட்டித் தாயின் கையில் வைத்தாள். "சொல்லச் சொல்லத்தான் எனக்கு இன்னும் நோகுது."

பிறகும் இரண்டு தரம் பாக்கியரத்தினம் முயன்று பார்த்தாள். ஒரு தரம் கடதாசியில் கட்டையின் படம் கீறி, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோடு போட்டுக் காட்டினாள். நிரோஜினி பார்த்துவிட்டு, தாயின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். தான்தான் தாய், அவள்தான் பிள்ளை என்பது மாறிப்போனது போல இருந்தது. அதற்குப் பிறகு பாக்கியரத்தினம் கதையை எடுக்கவில்லை. கொட்டகைக்குள் சிவப்பு ரெக்சீன் வெடிக்காமல், கீறாமல், புதிதாகவே கிடந்தது.

கடையில் மட்டும் ஒன்று மாறியது. எந்தச் சீட் வந்தாலும் அவள் பழையதை மரம்வரை கழற்றினாள். வேலை இரண்டு மடங்கு. றம்லா வாய்க்குள் முணுமுணுத்தாள், ஆனால் கழற்றினாள்.

முனாப்பின் சீட் முடிந்த அன்று நிரோஜினி மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அவளைக் கண்டதும் முனாப் பல்லைக் காட்டினான்.

"தங்கச்சி, எப்ப வந்த? போட்டி எப்பிடி? எங்கட ஊரத் தூக்கி நிறுத்தினயா?"

"இல்லை அண்ணை. எனக்குப் பயம். விழுந்திட்டன்."

காய்ச்சல் வந்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். முனாப் அவசரமாக ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தான். நிமிர்ந்தான். கூரைக்கும் தலைக்கும் நடுவில் கையை விட்டு ஆட்டிப் பார்த்தான்.

"இப்ப அளவு சரி அக்கா" என்றான். "இத முந்தியே செஞ்சிரிக்கலாமே."

மகளுக்குக் கேட்டிருக்குமா என்று பாக்கியரத்தினம் திரும்பிப் பார்த்தாள். நிரோஜினி வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு, பஸ் நிலையப் பக்கம், மான்களைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

"ஓம் தம்பி" என்றாள் பாக்கியரத்தினம்.